காசிமாயன் வீட்டுச் சத்தம்

1931ஆம் வருஷம் தை மாதம் பூட்டிவிட்டுப் போன வீட்டுக்குள்ளிருந்து, மூன்றாம் நாள் காலையில் காசிமாயன் தும்மினான். அந்த நேரம் அவன் சென்னைத் துறைமுகத்தில் ரங்கூன் கப்பலுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தான். தும்மலைக் கேட்டவள் அவனுடைய மதினி பாண்டியம்மாள். பக்கத்து வீட்டுக்காரியான அவள் சுவரோரம் ஆட்டுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தாள். தும்மலுக்குப் பின்னாலேயே காசிமாயன் மனைவி ஒச்சாயியின் குரலும் வந்தது. இம்புட்டுத் தண்ணியையும் ஒரே இடத்தில் எதுக்குத் தேக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவள் கடலைப் பார்த்துப் புருஷனிடம் கேட்டாள். பாண்டியம்மாள் தழையைப் போட்டது போட்டபடி போய்த் தன் புருஷன் விருமாண்டியிடம் சொன்னாள். விருமாண்டி பயப்படவும் இல்லை, ஆச்சரியப்படவும் இல்லை. நினைத்தேன் என்று மட்டும் சொன்னான். தம்பி எங்கேயும் போகவில்லை, போவதுபோல் போய்த் திரும்பி வந்து, ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கித் தன்னை வேவு பார்க்கிறான் என்பது அவன் முடிவு.

அப்படி நினைக்க அவனுக்குக் காரணம் இருந்தது. திருமங்கலத்துக்கு மேற்கே ஏழு மைலில் இருக்கும் செங்கரட்டுப்பட்டியில் அண்ணன் தம்பி இருவருக்குமாக மூன்று குறுக்கம் கரிசல் காடு, நடுவில் ஒரு வரப்பு. இரண்டு வருஷம் மழை பொய்த்ததும், மதுரை டவுனில் இருந்த முகைதீன் பிச்சை என்ற வியாபாரி ரங்கூனில் தனக்கு இருக்கும் அரிசி ஆலைக்குக் காவலுக்கு வருகிறாயா என்று கேட்டார். காசிமாயன் சரியென்றான். தன் பங்கையும் சேர்த்து உழுதுகொள்ளும்படி சொல்லி, வீட்டுச் சாவியை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். சாவி வாங்கிய அன்றைக்கே விருமாண்டி வரப்பைப் பார்த்த பார்வை மாறிவிட்டது. அவனுக்கும் பாண்டியம்மாளுக்கும் பிள்ளை இல்லை. பிள்ளை இல்லாதவனுக்கு நிலத்தாசை எதற்கு என்று கேட்பவர்கள் நிலம் வைத்துப் பழகாதவர்கள். தம்பி திரும்பி வருவானா, வரமாட்டானா? விருமாண்டிக்கு இந்த உலகத்தில் தெரியவேண்டியிருந்தது அது ஒன்றுதான். வரமாட்டான் என்று தெரிந்தால் நிம்மதியாக இருக்கும்.

அவன் பூட்டைத் திறந்து உள்ளே போய்ப் பார்த்தான். ஓடு பிரிக்கப்படவில்லை. தானியக் குதிருக்குள் கம்பை விட்டுக் குத்தினான், பரண் மேல் ஏறித் தேடினான். ஆள் இல்லை. ஆனால் அடுப்படிக்கும் குதிருக்கும் நடுவில் வெறும் இடத்திலிருந்து காசிமாயன், வெற்றிலை எங்கே வைத்தாய் என்று ஒச்சாயியை அதட்டிக்கொண்டிருந்தான். போகப்போக அந்த வீட்டின் வழக்கம் ஊருக்குப் பிடிபட்டது. அது தன் ஆட்களின் சத்தத்தை மட்டும்தான் கொண்டுவந்தது. பேச்சு, இருமல், குறட்டை, காலடி எல்லாம் வரும். அவர்களோடு பேசுகிற வெளியாட்களின் குரல் வராது. இங்கே நின்று எவ்வளவு கத்தினாலும் அங்கே போய்ச் சேராது. ரங்கூனில் ஒரு மணி நேரம் முந்தியே பொழுது விடிகிறது என்பதும், அங்கேயும் முருங்கைக்கீரை கிடைக்கிறது என்பதும் அந்த வீட்டால்தான் செங்கரட்டுப்பட்டிக்குத் தெரியவந்தன.

அது ரேகைச் சட்டம் நடந்த காலம். அந்த வட்டாரத்து ஆண்கள் போலீசில் விரல் ரேகையைப் பதிந்திருக்க வேண்டும், ஊரைத் தாண்டுவதற்குச் சீட்டு வாங்க வேண்டும். காசிமாயன் சீட்டு வாங்கித்தான் போயிருந்தான். சொந்த ஊரில் சந்தேகக் கேஸ், ரங்கூனில் காவல்காரன், இதைப் பற்றி யாரும் சிரிக்கக்கூட இல்லை. பதிவில் கடல் தாண்டிய ஆள் ஊருக்குள் பேசுகிறான் என்று யாரோ போய்ச் சொல்ல, ஏட்டு வந்து வீட்டைச் சோதனை போட்டார். அவர் மண்வெட்டிப் பிடியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தபோது காசிமாயன் அவர் காதருகே கொட்டாவி விட்டான். ஏட்டு வெகுநேரம் யோசித்தார். பிறகு ஆள் இல்லை, குரல் உண்டு என்று எழுதி, அந்தக் குரல் ஊரைவிட்டு ஓடாமல் பார்த்துக்கொள்ள ஜாமீனாக விருமாண்டியின் கட்டைவிரலை அதன்கீழ் பதித்துக்கொண்டு போனார்.

அதன்பிறகு ஊரில் நிம்மதி போயிற்று. பருத்தி பிரிக்கிற பெண்கள் வேலையைத் தூக்கிக்கொண்டு அந்த வாசலுக்கு வந்தார்கள். ரங்கூன் கதை கேட்க வந்ததாகச் சொன்னாலும் வந்தவர்கள் காத்திருந்தது தங்கள் பெயருக்காகத்தான். ஒச்சாயி வாய் சும்மா இருக்காது. சாமிக்கு நேர்ந்துவிட்ட சேவலைத் தின்றவன் அழகுமலை என்று அவள் அடுப்பு ஊதிக்கொண்டே சொல்ல, அவன் இரண்டு வருஷம் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை. காசிமாயனிடமிருந்து வருகிற கடிதங்களோ எல்லோரும் சுகம் என்றே சொல்லின. காய்ச்சலில் அவன் பதினைந்து நாள் அனத்தியதை ஊரே கேட்டு முடித்த மறுமாதம் சுகம், சுகம் என்று கடிதம் வந்தது. கடிதத்தை நம்புவதா வீட்டை நம்புவதா என்று தெரியாமல் ஊர் இரண்டையும் நம்பாமல் விட்டது.

1934இல் அந்த வீட்டுக்குள் ஒரு குழந்தை அழுதது. சின்னத்தாய் என்று பெயர் வைத்தார்கள். பாண்டியம்மாள் யாரும் கேட்காமலே தெருவுக்குச் சர்க்கரை கொடுத்தாள், அந்த அழுகையைக் கேட்கவே அடிக்கடி ஆட்டுக்குத் தழை கட்டப் போனாள். விருமாண்டியும் தினமும் சுவரோரம் வந்து நின்றான். ஊருக்குப் போவோம் என்று தம்பி பேசிய வருஷங்களில் அவன் வரப்பைத் தொடவில்லை. இங்கேயே இருந்துவிடுவோம் என்று பேசிய வருஷங்களில் உழவு முடிந்ததும் ஒரு சால் தள்ளி வரப்பைப் போட்டான். பத்து வருஷத்தில் ஆறு சால். தான் கேட்பது தம்பிக்குத் தெரியும், தெரிந்தே தூண்டில் போட்டுப் பேசுகிறான் என்று அவன் உறுதியாக நம்பினான். தம்பி கெட்ட வார்த்தை சொன்னாலும் நல்ல வார்த்தை சொன்னாலும் அவனுக்கு அதில் ஏதோ ஒன்று ஒளிந்திருந்தது.

1941 மார்கழியில் ஒருநாள் ஒச்சாயி கத்தினாள். ரங்கூனில் ஜப்பான்காரன் போட்ட குண்டு விழுந்த சத்தம் வீட்டுக்குள் வரவில்லை, அவள் கத்தியது மட்டும் வந்தது. முகைதீன் பிச்சை கப்பலில் இவர்களுக்கு இடம் கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. மாசி மாதம் மூன்று பேரும் ஊரை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து வீட்டுக்குள் ஓயாமல் காலடிச் சத்தம். கனமானது ஒன்று, இழுத்து நடப்பது ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஓடி ஓடி நடப்பது ஒன்று. ஊர் அதைக் கேட்டுக்கொண்டே களை எடுத்தது. விருமாண்டிக்கு மட்டும் இதுவும் நாடகமாகப் பட்டது. மூன்று பேர் ஒரே இடத்தில் நின்று காலால் தரையை மிதித்தால் இந்தச் சத்தம் வரும் என்று மிதித்துக் காட்டினான். பங்குனியில் அரக்கான் மலை ஏறுகிறபோது ஒச்சாயி உட்கார்ந்துவிட்டாள்.

"இம்புட்டுத் தூரம் நடந்து அங்க போயி என்னத்துக்கு? ஒங்க அண்ணே வரப்ப நகட்டி நகட்டி இந்நேரம் நம்ம காட்டையே தின்னுருப்பாரு."

காசிமாயன் இருமி முடித்துவிட்டுச் சொன்னான்: "தின்னா தின்னுட்டுப் போறான். நம்ம போயி வாசல்ல நின்னா, ஏன் வந்தன்னு கேக்காமச் சோறு போட எனக்கு அவன் ஒருத்தன்தேன் இருக்கான். எந்திரி புள்ள."

வாசலில் உட்கார்ந்திருந்த பெண்கள் யாரும் விருமாண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கேட்கிறேன் என்று தெரிந்துதான் அப்படிச் சொல்கிறான் என்று அவன் பாண்டியம்மாளிடம் மெல்லச் சொன்னான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை எதிர்த்துப் பேசாதவள், நடிக்கிறவனுக்கு இந்த இருமல் எங்கேயிருந்து வரும் என்று கேட்டாள். நான்காம் நாள் சின்னத்தாய் தண்ணீர் கேட்டாள். மத்தியானம் வரை கேட்டாள், பிறகு கேட்கவில்லை. அந்தப் பாதையில் வாந்திபேதி இருந்தது. காசிமாயன் கையால் மண் தோண்டும்போது மூச்சு வாங்கியது அடுப்படிக்கும் குதிருக்கும் நடுவில் கேட்டது. ஒச்சாயியிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அன்று செங்கரட்டுப்பட்டியில் யாரும் உலை வைக்கவில்லை. மறுநாள் காலையில் இரண்டு பேர் நடக்கிற சத்தம் வந்தது. விருமாண்டி அதை ஒரு நாழிகை கேட்டான். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், உச்சி வெயிலில், ஊர் பார்க்க, வரப்பை வெட்டித் தள்ளினான். ஆறு சாலுக்கு ஏழு சாலாகத் தம்பிக்கு விட்டுப் போட்டான். இப்போது அவனுக்குத் தெரியவேண்டியிருந்ததும் அதே ஒன்றுதான்: தம்பி வந்து சேருவானா?

ஆனி மாதம் வந்து சேர்ந்தார்கள். பாண்டியம்மாள் சோறு போட்டாள். மறுநாள் காசிமாயன் காட்டைப் பார்க்கப் போனான். விருமாண்டி பின்னாலேயே போனான்.

"வரப்புல புல்லு இல்லையேண்ணே," என்றான் தம்பி.

"இந்த வருசந்தேன் போட்டேன்," என்றான் அண்ணன். அதற்குமேல் அதைப் பற்றி அவர்கள் சாகும்வரை பேசவில்லை.

வந்த ஒன்பதாம் நாள் ஒச்சாயி கம்பு இடித்துக்கொண்டிருந்தபோது அடுப்படிக்கும் குதிருக்கும் நடுவிலிருந்து சின்னத்தாய், ஆத்தா மெதுவாப் போ, கால் வலிக்குது என்றாள். ஒச்சாயி உலக்கையைப் பிடித்தபடி நின்றாள். அதன்பிறகுதான் ஊர் அவளிடம் விஷயத்தைச் சொன்னது. பத்து வருஷம் தான் யார் யாரைப் பற்றி என்னவெல்லாம் பேசினோம் என்று நினைத்து அவள் ஒரு சாயங்காலம் முழுக்க வெட்கப்பட்டாள், பிறகு அதற்கு நேரம் இல்லை. மகள் மலையில் தனியாக நடந்துகொண்டிருந்தாள். காசிமாயன் திரும்பப் போகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினான். சண்டை நடக்கிற திசைக்கு யார் விடுவார்கள்? தாயும் தகப்பனும் அந்த வெறும் இடத்துக்கு எதிரே உட்கார்ந்து, இடது பக்கம் போ, ஆத்துல எறங்காத என்று கத்தினார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அழகுமலை, பேயோட்டுகிற கோடாங்கியைக் கூட்டிவரலாம், இது வேறு எதுவோ பிள்ளைக் குரலில் பேசுகிறது என்றான். யாரையும் எதையும் நம்பாத விருமாண்டிதான் அவனைத் தெருவைவிட்டுத் துரத்தினான். நடந்து வருவது நம் பிள்ளை, காலடி எனக்குத் தெரியும் என்றான்.

அவள் நிதானமாகத்தான் வந்தாள். வங்காளத்தில் பஞ்சம் என்று பேப்பரில் வந்த வருஷம் அவள் ஒவ்வொரு வாசலிலும் சோறு கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் முழுக்க ஒச்சாயி ஒரு வேளைதான் சாப்பிட்டாள். சண்டை முடிந்த வருஷம் ஏதோ ஒரு பெரிய ஆற்றங்கரையில் படகுக்காகக் காத்திருந்தாள். ரேகைச் சட்டத்தை எடுத்த வருஷம் சென்னைக்கு வந்துவிட்டாள், கடலைப் பார்த்து, இம்புட்டுத் தண்ணியா என்றாள். 1948 ஆவணியில் ஒரு மத்தியானம், திருமங்கலம் போகிற ரயில் இதுதானா என்று யாரிடமோ விசாரித்தாள். குரலில் இன்னும் எட்டு வயதுதான். காசிமாயன் எழுந்தான், வாசல்வரை போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான்.

"நீங்க போங்கண்ணே," என்றான்.

விருமாண்டி வண்டி பூட்டிக்கொண்டு திருமங்கலம் ஸ்டேஷனுக்குப் போனான். அங்கே அவன் என்ன பார்த்தான், யாரை எப்படி அடையாளம் கண்டான் என்று பிற்காலத்தில் எத்தனையோ பேர் கேட்டும் அவன் சொன்னதில்லை. வண்டி காலியாகத்தான் திரும்பியது என்று வழியில் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆனால் அவன் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காராமல் ஓரத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, வலது பக்கம் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டு வந்தான். வீட்டுக்குள் ஒச்சாயியும் காசிமாயனும் மகள் பங்குப் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்குப் பெயர் என்ன என்று கேட்டாள். ஊர் கண்மாயில் தண்ணீர் இருக்குமா என்று கேட்டாள். வண்டி காட்டுப் பக்கம் வந்திருக்கும் நேரத்தில் இன்னொன்றும் கேட்டாள்.

"அது யாரு காடு, பெரியய்யா?"

விருமாண்டி சொன்ன பதில் வீட்டுக்குள் வரவில்லை. அந்த வீடு அவன் குரலை ஒருநாளும் கொண்டுவந்ததில்லை.

"அம்புட்டுமா?" என்றாள் சின்னத்தாய்.

வண்டி வாசலில் வந்து நின்றது. பாண்டியம்மாள் கால் கழுவத் தண்ணீர் ஊற்றினாள், படியில் ஈரத்தடம் உள்ளே போனது. அன்றிலிருந்து அந்த வீட்டில் தூரத்துச் சத்தம் எதுவும் கேட்டதில்லை, வீட்டில் இருப்பவர்களின் சத்தம்தான். ஐப்பசியில் ரேஷனுக்குத் தலை எண்ண வந்தவர் காசிமாயனையும் ஒச்சாயியையும் பார்த்துவிட்டு இரண்டு என்று எழுதப் போனார். சுவரோரம் நின்ற விருமாண்டி அவரை நிறுத்தினான். அவர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார், பிறகு விருமாண்டியைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"மூணுன்னு எழுதுங்க," என்றான் விருமாண்டி. "நாந்தேன் வண்டியில கூட்டியாந்தேன்."

அவர் மூன்று என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.