பதினோரு மாதக் காலி நாற்காலி

மூன்றாவது மணியில் குண்டூசி போனை எடுத்தாள். வீட்டு வசதித் துறையின் நியமனப் பிரிவில் அவளுக்கு அந்தப் பெயர் விழுந்து பல வருடமாகிறது. காகிதத்தை விட மாட்டாள், பிடுங்கப் போனால் குத்துவாள் என்பார்கள்.

“நாளைக்கு எங்கக்கா பதவியேற்கிறாங்களே, அதுக்கு நுழைவுச் சீட்டு ரெண்டு வேணும்,” என்றது ஓர் உற்சாகக் குரல். “நான் கூடப்பிறந்த தம்பி. பேருக்குக் கீழ நம்ம லிஃப்ட் கம்பெனி பேரையும் போட்டுடுங்க. கட்டடக்காரங்க நிறையப் பேர் வருவாங்க பாருங்க.”

குறித்துக்கொண்டாள். போனை வைத்தாள். பிறகுதான் உறைத்தது.

வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் தலைவர் நாற்காலி பதினோரு மாதமாகக் காலி. கட்டித் தராதவர்கள் மேல் வாங்கினவர்கள் கொடுக்கும் புகார்கள் அங்கேதான் போகும். தலைவர் இல்லாமல் ஒன்றும் நகராது. ஒரு நீதிபதியும் வேறு துறைச் செயலாளர்கள் இருவரும் சேர்ந்த தேர்வுக் குழு எட்டுப் பேரைப் பார்த்து, தணிக்கையில் இருந்து ஓய்வுபெற்ற ஓர் அம்மாவைத் தேர்ந்தெடுத்திருந்தது. நாளை காலை பத்து மணிக்குப் பதவியேற்பு.

கோப்பைப் பிரித்தாள். உறுதிமொழிப் படிவம், கேள்வி ஏழு: ‘தங்கள் நெருங்கிய உறவினர் எவருக்கேனும் கட்டுமானத் தொழிலில் தொடர்பு உண்டா?’ எதிரே ஒரு சின்னக் கோடு. இல்லை என்பதற்கு எல்லோரும் போடுகிற கோடு.

உட்கார்ந்துவிட்ட தலைவரை மந்திரி நினைத்தாலும் இறக்க முடியாது. நீதிபதி விசாரித்துச் சொல்ல வேண்டும். ஆனால் பொய் உறுதிமொழி என்று எவனாவது வழக்குப் போட்டால் அந்த ஒரு கோடு போதும். நாற்காலி மறுபடி காலி. விளம்பரம், விண்ணப்பம், குழு, எல்லாம் முதலிலிருந்து.

வழக்கு வர ஆறு மாதம் ஆகலாம். வராமலே போகலாம். அதற்குள் குண்டூசியின் சொந்த அக்கா கொடுத்திருந்த புகாருக்குத் தீர்ப்பு வந்துவிடும்.

அக்கா வாங்கிய வீடு நாலு வருடமாக வெறும் தூண்களாக நிற்கிறது. அக்கா, மாமா, இரண்டு பிள்ளைகள், எல்லோரும் மாமாவின் அண்ணன் வீட்டில் ஓர் அறையில். காலையில்தான் கூப்பிட்டிருந்தாள். “நாளைக்கு நிஜமாவே உட்கார்ந்துடுவாங்களாடி? ஓரகத்தி அடுப்புக்கே நேரம் போட்டுக் குடுத்துட்டா. எனக்கு எட்டரையிலேர்ந்து ஒம்போது.”

அவள் போய்ச் சொன்னதைப் பிரிவு அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

“வெண்ணெய் திரண்டு வர்ற நேரத்துல தாழிய உடைக்கப் பார்க்கிறியேம்மா. உங்கக்கா புகாரும் அங்கதானே கிடக்கு?”

“ஆமா சார்.”

“அப்புறம் என்ன? நீ போனை எடுக்கவே இல்ல. நான் எதையும் கேட்கவே இல்ல.”

“எடுத்துட்டேனே சார்.”

“சும்மாவா பேர் வச்சாங்க.” அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “போ, செயலாளர்கிட்ட நீயே சொல்லு. என்னை இழுக்காத.”

மாடிப்படியில் ஒருமுறை நின்றாள். ஓர் அறையில் நாலு பேர். எட்டரையிலிருந்து ஒன்பது.

ஏறினாள்.

செயலாளர் குறுக்கே பேசாமல் கேட்டார். எழுந்து இரும்பு அலமாரியைத் திறந்தார். பிரிவில் இருப்பது நகல். மூலப் படிவங்கள் குழு முடிந்த அன்றே அரக்கு முத்திரையோடு அவரிடம் வந்துவிடும். உறையை வெட்டினார். படிவத்தை உருவினார்.

கேள்வி ஏழு. அதே கோடு. ஆனால் கோட்டின் நுனியில் மெல்லிசாக ஓர் அம்பு முனை. நகல் இயந்திரம் அதைத் தின்றுவிட்டிருந்தது.

அவர் தாளைத் திருப்பினார்.

பின்பக்கம் நெருக்கமான கையெழுத்து. ‘என் தம்பி லிஃப்ட் நிறுவனம் நடத்துகிறார். அவர் லிஃப்ட் பொருத்திய எந்தக் கட்டடத்தின் புகாரையும் நான் விசாரிக்க மாட்டேன். மற்ற உறுப்பினர்கள் விசாரிக்கட்டும்.’ அடியில் மூன்று சுருக்கொப்பங்கள். குழுவில் மூவரும் படித்திருந்தார்கள்.

“இதை நகலெடுத்தது யாரு?”

“நான்தான் சார். எட்டுப் பேர் படிவம், அவசரத்துல ஒரு பக்கம் மட்டும்…”

“காகிதத்துக்கு முதுகும் உண்டும்மா.” அவர் சிரித்ததுபோல் இருந்தது. “இதையும் எடுத்துக் கோப்புல சேருங்க. நியமன உத்தரவு சாயங்காலத்துக்குள்ள என் மேசைக்கு வரணும். அந்தத் தம்பிக்குச் சீட்டு குடுங்க. கம்பெனி பேர் வேண்டாம்.”

போன உயிர் திரும்பி வந்தது. இறங்கும்போது படிகளை இரண்டிரண்டாகத் தாண்டினாள். பாதி வழியில் வேறொரு பயம் பிடித்தது. தன் இடத்துக்கு வந்ததும் அக்காவைக் கூப்பிட்டாள்.

“அக்கா, உங்க கட்டடத்துல லிஃப்ட் எந்தக் கம்பெனி?”

“லிஃப்டா? குழிதான்டி இருக்கு. அதுல மழைத் தண்ணி. போன வாரம் போய்த் தவளையைப் பார்த்துட்டு வந்தார் உங்க மாமா.”

குண்டூசிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிரிவு அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

“என்னடி சிரிப்பு?” என்றாள் அக்கா. “இங்க என் குடி முழுகுது.”

“நல்லதாப் போச்சுக்கா. தவளையையும் சாட்சிக்குக் கூட்டிட்டு வா. நாளைக்கு உட்கார்ந்துடுவாங்க.”

மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“இருடி, வச்சுடாத. உங்க மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்.”

குண்டூசி போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, நியமன உத்தரவில் தேதியை அடிக்க ஆரம்பித்தாள்.