அக்கா முறைத்த போஸ்டர்

பேய்ப் படங்களுக்குப் போஸ்டர் செய்யும் அந்த டிசைனரை நண்பர்கள் ‘மங்கல்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கைபட்டால் கல்யாண ஆல்பம்கூட இருண்டுபோகும்.

புதுப் படத்துக்குப் பேயாக நிற்க வேண்டிய மாடல் பெண் காய்ச்சல் என்று வரவில்லை. மறுநாள் போஸ்டர் வெளியாக வேண்டும். மங்கல் அக்கா வீட்டுக்கு ஓடினான். அவளுக்கு வெள்ளை நைட்டியை மாட்டி, முகத்தில் பவுடரை அப்பி, படுக்கையறை வாசலில் நிறுத்தினான். அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“கொஞ்சம் கொடூரமா பாருக்கா.”

“உன்னைப் பார்த்தா எங்கடா கொடூரம் வரும்? மூக்கொழுகிட்டு நின்னதுதான் ஞாபகம் வருது.”

அந்த நேரம் பார்த்து, குளித்துவிட்டு வந்த மாமா ஈரத் துண்டைச் சுருட்டி மெத்தைமேல் போட்டார். அக்காவின் சிரிப்பு நின்றது. தலை மெல்லச் சாய்ந்தது. கண்கள் துண்டின்மேல் இறங்கின. மங்கல் சட்டென்று படம் எடுத்துவிட்டான்.

போஸ்டர் வெளியானது. போஸ்டர்களைப் பிரித்து மேய்வதற்கென்றே யூடியூபில் சேனல் நடத்திய விமர்சகர் ஒருவர் அதைக் கையில் எடுத்தார். அக்கா வீட்டு சோபாவில் மூவரும் உட்கார்ந்து பார்த்தார்கள்.

“வழக்கமா பேய் நம்மளைப் பார்க்கும். இது இடதுபக்கம் கீழே பார்க்குது,” என்று விமர்சகர் சிவப்புக் கோடு ஒன்று இழுத்தார். “அந்தப் பார்வை நேரா தலைப்போட முதல் எழுத்துல போய் முட்டுது. அந்த எழுத்து மட்டும் பாதி புதைஞ்ச மாதிரி இருக்கு. அப்போ அங்கே யாரையோ புதைச்சிருக்காங்க. முக்கால்வாசி இடம் வெறும் கறுப்பு. அது இவளோட தனிமை. இது சாதாரணக் கோபமில்லைங்க. வருஷக்கணக்கா சொல்லியும் யாரும் காதுல வாங்காத கோபம்.”

“கடைசியா சொன்னது ரொம்பச் சரி,” என்றாள் அக்கா. மாமா டிவி சத்தத்தைக் குறைத்தார்.

கட்டில் விளிம்பை அவசரமாக அழித்தபோது எழுத்தும் பாதி அழிந்துவிட்டது என்பதும், அத்தனை கறுப்பும் பீரோவையும் மாமாவையும் மறைக்க அடித்தது என்பதும் மங்கலுக்கு மட்டுமே தெரியும். பாராட்டை வாங்கிக்கொள்வோம் என்று அவன் வாயைத் திறக்கவில்லை. அதற்குள் இயக்குநரிடமிருந்து போன் வந்தது.

“என் கிளைமாக்ஸை யார்கிட்ட கேட்டு போஸ்டர்ல வெச்சே?”

படத்தின் கதையில் உண்மையாகவே பேய் நிற்கும் இடத்துக்கு இடதுபக்கம் ஒரு பிணம் புதைந்திருந்தது. மங்கல் ஈரத் துண்டு விஷயத்தைச் சொன்னான்.

“எனக்கே காது குத்துறியா?” என்றவர், அரைமணி நேரத்தில் வீட்டுக்கே வந்துவிட்டார்.

நடந்ததை நடித்துக் காட்டும்படி ஆனது. மாமா துண்டை நனைத்து, புது மாப்பிள்ளை போலக் கூச்சத்தோடு மெத்தையில் வைத்தார். அக்கா முறைத்துப் பார்த்தாள். முகம் கோணியதுதான் மிச்சம்.

“சொல்லிட்டுப் போட்டா எனக்குக் கோபம் வரமாட்டேங்குதே,” என்றாள்.

இயக்குநர் உதட்டைப் பிதுக்கியபடி சோபாவில் போய் உட்கார்ந்தார். வேலை முடிந்த நிம்மதியில் மாமா அதே துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, தன்னையறியாமல் அதை சோபாக் கைப்பிடியில் போட்டார்.

அக்காவின் தலை சாய்ந்தது.

இயக்குநர் ஏன் எழுந்தோம் என்று தெரியாமலே எழுந்து நின்றார். “நானே எடுத்துடறேம்மா,” என்று துண்டைக் கொண்டுபோய் பால்கனிக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தார். வந்த கையோடு, படத்திலும் பேயாக அக்காதான் நடிக்க வேண்டும் என்று கேட்டார். அக்கா ஒரு பேச்சுக்குக்கூட மறுக்கவில்லை.

படம் வெளியான அன்று மூவரும் தியேட்டருக்குப் போனார்கள். முதல் அலறல் கேட்டதுமே அக்கா மங்கலின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“பேய் போயிடுச்சாடா?”

“நீதான்க்கா பேய்.”

“அது தெரியும். போயிடுச்சான்னு சொல்லு.”