ஒன்பதாம் எண் துண்டு

வெல்டிங் பட்டறையில் அவனுக்கு வந்து சேர்ந்தது ஒன்பதாம் எண் துண்டு. வெட்டவெளியில் நிற்கப்போகும் நூற்றிருபது அடி இரும்புப் பெண்ணைப் பன்னிரண்டு பேர் துண்டு துண்டாகச் செய்தார்கள். முழுப்படத்தை யாருக்கும் காட்டவில்லை. வரைபடத்தில் அளவும் எண்ணும் மட்டும்தான். நான்கு மாதம் இடுப்பொடியக் குனிந்து பற்றவைத்து முடித்தபோது, துண்டு உருண்டு திரண்டு அழகாக இருந்தது. கன்னமாகத்தான் இருக்கும் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டான். மனைவியிடம் சொன்னான். அவள் அக்காவிடம் சொன்னாள். அக்கா புருஷன் பஸ் டிரைவர். அவருக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி.

"எந்தக் கன்னம் சகலை? இடதா, வலதா?"

"போய்ப் பாத்தாத் தெரியும்," என்றான் இவன் ரோஷத்தோடு.

சிலையை நிறுத்திய மறுவாரமே நான்கு பேரும் கிளம்பினார்கள். வழிநெடுக சகலை, வேறொருவர் ஓட்டிய பஸ்ஸுக்குத் தன் காலால் பிரேக் போட்டுக்கொண்டே வந்தார்.

இறங்கி வயல் வரப்பில் நடந்து, மேடு ஏறியதும் அந்த இரும்புப் பெண் தெரிந்தாள். நுனிக்காலில் எம்பி, ஒரு கையை நீட்டி, மேகத்தில் எதையோ எட்டிப் பறிக்கப் பார்த்தாள். இவன் மனைவி அந்தக் கையையே பார்த்தாள். இவனோ நேரே முகத்தைப் பார்த்தான். கன்னத்தில் தகடுகள் மீன் செதில்போல அடுக்கியிருந்தன. அது அவன் வேலையே இல்லை.

சிலையை இரண்டு முறை சுற்றிவந்தான். தூக்கிய வலது காலுக்கு அடியில் போனவன் அப்படியே நின்றுவிட்டான். தகடு ஒரு விரற்கடை குறைந்துபோனதால் அவன் ஒட்டுப் போட்ட இடம், தலைக்கு மேலே இருந்தது.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ம்... குதிகால்."

சகலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கன்னத்துல ஆரம்பிச்சு கடைசில கால்ல விழுந்துட்டீங்களே!"

இவன் முகம் தொங்கிப்போயிற்று. மனைவி விடவில்லை. "சிரிக்காதீங்க மாமா. குதிகால் இல்லாம அவ எப்படி எம்புவாளாம்?"

அவள் முடிக்கவில்லை, மழை கொட்டத் தொடங்கியது. சுற்றிலும் ஒதுங்க ஒரு மரம்கூட இல்லை. பார்க்க வந்திருந்த பத்துப் பதினைந்து பேரும் அந்தக் காலுக்கு அடியில் ஓடிவந்து நெருக்கியடித்து நின்றார்கள். எல்லோரும் மழையைப் பார்த்தார்கள். இவன் மட்டும் அண்ணாந்து பற்றவைப்புகளையே பார்த்தான். விளிம்புகளில் தண்ணீர் அருவியாக இறங்கியது. உள்ளே ஒரு சொட்டு விழவில்லை.

சகலை கையை உயர்த்தி, உள்ளங்கால் வளைவைத் தடவிப் பார்த்தார். விரல்கள் காய்ந்திருந்தன. பக்கத்தில் குழந்தையோடு நின்ற முன்பின் தெரியாதவரிடம் திரும்பினார்.

"இது எங்க சகலை செஞ்சது. ஒழுகுதா பாருங்க. ஒழுகாது!"

"நெசமாவா? இவரா?"

"பின்னே? நாலு மாசம்!"

அத்தனை பேரும் திரும்பிப் பார்க்க, இவனுக்குக் காது சிவந்தது. அந்தக் குழந்தை தானும் தொட வேண்டும் என்று அடம்பிடித்தது. இவன் தூக்கிக் காட்டினான். உடனே இன்னொன்று கையை நீட்டியது. அதன் பின்னால் மூன்று நின்றன. மழை விட்டபிறகும் வரிசை கலையவில்லை.

அன்று மூன்று மணி பஸ் போய்விட்டது. அடுத்தது ஐந்தரைக்குத்தான். நேரம் பார்த்தே பிழைக்கும் சகலை அதைப்பற்றி வாயே திறக்கவில்லை.