ஐந்தாம் அறைக்கு எது சரி

குழந்தைகள் வார்டு மேசையில் மூன்று டேப்லெட் கணினிகள் இருந்தன. மூன்றும் சின்னப் பிள்ளைகளுக்கென்றே செய்தவை. பக்கத்தில் ஸ்டோர் அதிகாரி ஒரு தாளை விரித்து வைத்திருந்தார்.

“இருபத்தோரு அம்சம் சிஸ்டர். ஒண்ணு விடாம ஒப்பிட்டுட்டேன். இந்த மெல்லிசானதுதான் முதல்.”

பெரிய சிஸ்டர் அதை எடுத்துப் பார்த்தார். மூக்கும் முழியுமாக இருந்தது. படமும் பளிச்சென்று தெரிந்தது.

“அழகுதான். ரெண்டாவது?”

“மெத்துன்னு உறை. மாடியிலேர்ந்து போட்டாலும் உடையாதாம். பின்னாடி கால் இருக்கு, இழுத்து நிறுத்திக்கலாம். விளையாட்டு மட்டும் முன்னூறு.”

“மூணாவது?”

“அதை விடுங்க. செங்கல்லுக்குக் கைப்பிடி வச்ச மாதிரி இருக்கு. கேமராவும் சுமார். எண்ணிக்கைக்கு வேணுமேன்னு கொண்டு வந்தேன். மதியத்துக்குள்ள எதுன்னு சொல்லணும், எல்லா அறைக்கும் அதையேதான் தருவாங்க.”

பெரிய சிஸ்டருக்கு எல்லா அறையையும்விட ஐந்தாம் அறைதான் மனதில் நின்றது. அங்கே ஐந்து வயதுப் பெண் ஒருத்தி. ஆள் ஒல்லி, பேச்சு சுருக்கென்று குத்தும், அதனால் வார்டு முழுக்க அவளுக்குக் குண்டூசி என்று பெயர். உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோனதால் கண்ணாடிக் கதவு போட்ட தனியறையில் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு இருமல், உள்ளே விட முடியாது. நாலு நாளாக அவள் கீழே பெஞ்சிலேயே கிடக்கிறாள். குண்டூசியோ இரண்டு நாளாக வாயே திறக்கவில்லை, பேசுவதற்கும் சரி, சாப்பிடுவதற்கும் சரி. சிஸ்டர் தன் போனில் அம்மாவைக் காட்டினாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

“சார், வலது கையைக் கொடுங்க.”

“எதுக்கு?”

“ஊசி போடல, பயப்படாதீங்க.”

சிஸ்டர் அவர் மணிக்கட்டுக்கு அடியில் ஒரு சின்னப் பலகையை வைத்து, விரல் நுனி மட்டும் தெரியும்படி சுற்றிக் கட்டினார்.

“இங்க பாதிப் பிள்ளைங்க கை இப்படித்தான் இருக்கும். டிரிப் ஊசி நகரக் கூடாது பாருங்க. இப்ப அந்தக் காலிக் கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, உங்க வீட்டுக்காரம்மாவைக் கூப்பிடுங்க.”

“ஆஸ்பத்திரிக் கட்டில்லேர்ந்தா? வேற வினையே வேண்டாம்.”

“சரி, என் போனுக்குக் கூப்பிடுங்க. மூணுலயும் என் நம்பர் இருக்கு.”

அதிகாரி மெல்லிசானதை இடது கையில் பிடித்தார். பிடித்த கைக்கு வேலை சரியாகப் போயிற்று, தொட விரல் மிச்சமில்லை. மடியில் வைத்தார். வழுக்கிக்கொண்டு கட்டில் கம்பிக்கும் மெத்தைக்கும் நடுவே போய்ச் சேர்ந்தது.

இரண்டாவதன் கால் லேசில் வரவில்லை. அவர் குனிந்தார்.

“பல்லால இழுக்காதீங்க சார். அடுத்த பிள்ளையும் அதைத் தொடணும்.”

மூன்றாவதை மனமில்லாமல்தான் மடியில் வைத்தார். கைப்பிடி தானாகப் பின்னால் மடங்கி, அம்மிக்கல் மாதிரி அசையாமல் உட்கார்ந்தது. திரையில் நாலே நாலு பெரிய படங்கள். சிஸ்டர் நம்பர் போட்டிருந்த படத்தைக் கட்டைவிரலால் அமுக்கினார். சிஸ்டர் போன் அடித்தது.

அதன்பிறகு அவர் எழுந்திருப்பதாகவே இல்லை.

“சிஸ்டர், இங்க பாருங்க. ஓரத்துல உள்ளங்கை பட்டுக்கிட்டே இருக்கு, அது கண்டுக்கவே மாட்டேங்குது. சத்தமும் ஒரு அளவோட நின்னுடுது. சந்து பொந்து ஒண்ணு இல்ல, துடைச்சா ஒரே இழுப்பு. யாரோ நல்லா யோசிச்சிருக்காங்க.”

“யோசிச்சா மட்டும் வராது சார். ஒரு பிள்ளை கட்டில் பக்கத்துல நாள் கணக்கா உட்கார்ந்து பார்த்திருக்கணும்.”

“நான் கடைசி மார்க் போட்டேனே.”

“தாள்ல தப்பில்ல. எல்லாப் பிள்ளைக்கும் ரெண்டு கை சும்மா இருக்கும்னு நினைச்சுட்டீங்க.”

சிஸ்டர் அம்மாவின் படத்தை அதில் முதலாவதாகப் போட்டு, கிருமிநாசினித் துணியால் துடைத்து, முகக்கவசமும் மேலங்கியும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். குண்டூசியைச் சாய்த்து உட்கார வைத்து, மடியில் வைத்தார். அவள் அதன் ஓரத்தை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“இது யாரோடது?”

இரண்டு நாளில் அதுதான் முதல் பேச்சு.

“உனக்குத்தான்.”

“எப்ப பிடுங்குவீங்க?”

சிஸ்டருக்குச் சுரீர் என்றது. தன் போனில் வேறு அழைப்பு வரும்போதெல்லாம், பேசுகிற அம்மாவைப் பாதியில் எடுத்துக்கொண்டு போனது அவர்தானே.

“பிடுங்க மாட்டேன்.”

“டாக்டர் கேட்டா?”

“அவருக்கு வேற இருக்கு.”

கண்ணாடிக்கு வெளியே நின்ற ஸ்டோர் அதிகாரியைக் குண்டூசி முறைத்தாள்.

“அந்த மாமாவுக்கு?”

“மத்த ரெண்டையும்தான் நான் எடுத்துட்டுப் போறேன்,” என்றார் அவர், கதவுக்கு வெளியிலிருந்தே.

குண்டூசி கட்டுப்போட்ட தன் வலது கையை அப்படியே வைத்துக்கொண்டு, இடது கை விரலால் அம்மாவின் முகத்தை அமுக்கினாள். இரண்டாவது மணியிலேயே அம்மா வந்துவிட்டாள்.

“அம்மா, தள்ளி உட்காரு. மூக்கு மட்டும்தான் தெரியுது.”

“கண்ணு, சாப்பிட்டியாடா?”

“நீ?”

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினாள்.

“நீயும் சாப்பிடலையா? போய் ஏதாவது வாங்கிட்டு வா. ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்.”

சிவப்பு வட்டத்தை அமுக்கினாள். திரையிலிருந்து அம்மா மறைந்தாள். பக்கத்து மேசையில் மூடி வைத்திருந்த தட்டைக் காட்டி, திறக்கச் சொல்லி சிஸ்டருக்குக் கண்ணால் உத்தரவு போட்டாள்.

சிஸ்டர் வெளியே வருவதற்குள் அவருடைய போன் அடித்தது.

“சிஸ்டர், லைன் கட்டாயிடுச்சு. மெஷின் ரிப்பேரா? பேசிட்டே இருந்தாளே. நான் கூப்பிடட்டுமா?”

“வேண்டாம்மா. கட் பண்ணினதே அவதான், மறுபடி அவளே கூப்பிடுவா. நீங்க போய்ச் சாப்பாடு வாங்குங்க, சீக்கிரம். தட்டைத் திறந்து வச்சுட்டா.”