உரக்குழியில் ஒரு கண்ணாடித் துண்டு

"டீச்சர், நாம தூக்கிப் போடுறதெல்லாம் எங்க போகுது?"

கேட்டவள் மூன்றாம் வகுப்புச் சிறுமி, துணி தேய்ப்பவரின் மகள். வாயைத் திறந்தாலே கேள்விதான். பதிலைக் கண்ணெதிரே காட்டிவிட நினைத்தார் டீச்சர். சில நாட்களில் அந்த அரசுப் பள்ளியின் பின்சுவரோரம் ஓர் உரக்குழி வந்துவிட்டது. கொத்தனார் கூலி வாங்காமல் செங்கல் அடுக்கினார். மரக்கடையிலிருந்து மரத்தூள் வந்தது. தெருவே காய்கறித் தோலைச் சேர்த்து வைத்துக் கொடுத்தது.

முனையில் இருந்த ஜூஸ் கடைக்காரரிடமும் டீச்சர் வந்து கேட்டார்.

"அண்ணே, பழத்தோலை எங்களுக்குக் குடுங்க. ஸ்ட்ரா, கப்பு மட்டும் கலக்காம."

"எனக்கென்ன கசக்கவா போகுது டீச்சர்? குப்பை வண்டிக்காரர் மூஞ்சில முழிக்காம இருந்தாலே புண்ணியம்!"

முதலில் இரண்டு வாளிகள் வைத்து ஒழுங்காகத்தான் பிரித்தார். வெயில் ஏறியது, கூட்டம் நெருக்கியது. இரண்டு வாளி ஒன்றாயிற்று.

"டீச்சர் பிரிச்சுத் தரச் சொன்னாங்கல்ல?" என்றாள் மனைவி.

"குப்பையில என்னடி சுத்தம்? பிள்ளைங்க பொறுக்கி எடுத்துக்கும். அதுவும் ஒரு பாடந்தான்."

ஒரு மதியம் நீலக்கோடு போட்ட கண்ணாடித் தம்ளர் ஒன்று கைநழுவி உடைந்தது. அவசரத்தில் கூட்டி அள்ளி அதே வாளியில் கொட்டினார். அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறந்தும் போனார்.

மறுநாள் பிள்ளைகள் உரம் கிளறினார்கள். தோலுக்கடியில் ஒரு மண்புழு நெளிந்தது. கரண்டி பட்டால் செத்துவிடுமே என்று அந்தச் சிறுமி வெறுங்கையை உள்ளே விட்டாள்.

காயம் ஆறியது. இரண்டு விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை.

விசாரிக்க அதிகாரி வந்தார். ஆரஞ்சுச் சக்கை ஒட்டியிருந்த, நீலக்கோடு போட்ட அந்தக் கண்ணாடித் துண்டைப் பார்த்ததுமே டீச்சருக்கு விளங்கிவிட்டது. "கவனிக்காம விட்டது என் தப்புதான் சார்" என்று மட்டும் சொன்னார். குழியைத் தகரம் போட்டு மூடினார்கள். டீச்சரைத் தொலைவில் ஒரு பள்ளிக்கு மாற்றினார்கள்.

"பிள்ளைங்களைக் குப்பை கிளற விட்டா இப்படித்தான் ஆகும்" என்று தெருக்காரர்கள் ஜூஸ் கடை வாசலிலேயே நின்று பேசினார்கள். கடைக்காரர் தலைநிமிராமல் பழம் பிழிந்துகொண்டிருந்தார். நீலக்கோடு போட்ட தம்ளர்கள் எதிரே வரிசையாக நின்றன.

டீச்சர் புது ஊருக்குக் கிளம்பிய அன்று கடைக்காரர் பேருந்து நிறுத்தத்துக்கு ஓடினார்.

"என் பேரைச் சொல்லியிருக்கலாமே டீச்சர்?"

"சொன்னா அவ விரல் மடங்கிடுமாண்ணே? உங்க கடையை மூடிருவாங்க, அவ்வளவுதான்." டீச்சர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "நம்ம கையை விட்டுப் போறது எல்லாம் இன்னொருத்தர் கையிலதான் போய்ச் சேருது. அது யார் கைன்னு ஒரு நிமிஷம் நெனச்சுப் பார்த்தாப் போதும்ணே."

அன்று மாலையே கடைக்காரர் துணி தேய்ப்பவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அடி விழுந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனார். அந்த மனிதர் இஸ்திரிப் பெட்டியை நகர்த்துவதை நிறுத்தவில்லை.

"அது அவ எழுதுற கை" என்றார். அடுத்த சட்டையை எடுத்து விரித்தார்.

'குழியில கண்ணாடி இல்லேன்னா திறக்கலாம். யார் போய்ச் சுத்தம் பண்றது?' என்று தலைமையாசிரியர் அலுத்துக்கொண்டது கடைக்காரர் காதுக்கும் எட்டியது.

விடுமுறை நாள். பள்ளியில் ஈ காக்கை இல்லை. கடையை அடைத்துவிட்டு வந்து, தகரத்தை விலக்கி, சல்லடையோடு குழிக்குள் இறங்கினார். பிடிபிடியாக அள்ளிச் சலித்தார். ஸ்ட்ரா, கப்பு மூடி, கண்ணாடிச் சில்லு எல்லாம் கோணிக்குள் போயின. உரம் கறுத்துப் பொலபொலவென்று இருந்தது. மழை பெய்த மண்ணின் வாசனை அடித்தது. கடவுளே, இந்தப் பிள்ளைகள் கை பத்திரம் என்று முணுமுணுத்துக்கொண்டார்.

சலித்த உரத்தைத் திரும்பக் கொட்டி நிரப்பினார். பிறகு மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வெறுங்கையை முழங்கை வரை உள்ளே விட்டு, மூலைக்கு மூலை துழாவினார்.

எதுவும் குத்தவில்லை.