பைலட் படிப்பும் பொழுது சாயுமுன் சாப்பாடும்

விழுப்புரம், திண்டிவனம் மற்றும் இடைப்பட்ட சுங்கச்சாவடிப் பெருமக்கள் கனிவுடன் கவனிக்க: நமது வான்வெளியை ஆளப் பிறந்தவர் அடையாளம் காணப்பட்டுவிட்டார். ஆளப் போகிறவள் திண்டிவனத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்யும் நேமிகுமாரின் மகள் சஹானா. அடையாளம் கண்டவர் அவளுடைய தாய்மாமன், விழுப்புரத்தில் பெயின்ட் கடை வைத்திருக்கும் வீரசேனன். பைலட் ஆக வேண்டும் என்று அவள் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது கணக்கில் வராது. மாமா சொன்ன பிறகுதான் அது செய்தி.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா திண்டிவனத்தில் வந்து இறங்கினார். கையில் வழவழப்பான விளம்பரப் புத்தகம். அட்டையில் பனிமலை, அதற்கு மேலே குட்டி விமானம்.

“கனடா, மாப்ள. நாப்பத்தஞ்சு லட்சம். இங்க அறுவது கேக்கறான். ஃபாரின்ல படிச்சா பதினஞ்சு லட்சம் மிச்சம். இதுக்குப் போய் யோசிச்சிக்கினு இருக்கணுமா?”

“மிச்சம் இல்ல மாமா,” என்றாள் சஹானா. “அங்க வாங்கற லைசென்ஸ இங்க வந்து மாத்தணும். அதுக்குப் பரீட்சை எழுதணும், திரும்ப ஓட்டிக் காட்டணும். தங்கறது, திங்கறது வேற. எல்லாம் சேத்தா எழுவதத் தாண்டிக்கினு போவும். நான் இங்கியே படிக்கறேன்.”

“பெரியவங்க பேசிக்கினு இருக்கோம் பாப்பா.”

நேமிகுமார் படிப்புச் செலவை மனசுக்குள் கணக்குப் போட்டார். விற்பதற்கு அவரிடம் இருந்தது விக்கிரவாண்டி அருகே ஒரே ஒரு மனை. அதை ஒரு தடவைதான் விற்க முடியும். பாதியில் பணம் தீர்ந்தால் மகள் பாதி வானத்தில்தான் நிற்பாள். ஆனால் மச்சானை மறுத்துப் பேசும் தைரியம் அவருக்குக் கல்யாணத்தோடு போயிருந்தது.

அடுப்படியிலிருந்து சஹானாவின் அம்மா அனந்தவல்லி தன் அண்ணனிடம் கேட்டாள்: “ஏண்ணா, அந்த ஊர்ல பொழுது எப்ப சாயும்?”

சமண வீடு. பொழுது சாய்ந்தபின் அங்கே யாரும் சாப்பிடுவதில்லை.

மாமா சிரித்தார். “பைலட் படிப்பப் பத்திப் பேசிக்கினு இருக்கோம். நீ சோத்தப் பத்திக் கேக்கற.”

“சோறு இல்லாம யாரு ஓட்டுவாங்க? கேட்டுச் சொல்லு.”

மாமா அந்தப் புத்தகத்தைக் கொடுத்த ஏஜென்டுக்குப் போன் போட்டு, ஊருக்கே கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

“சன்செட்டா சார்? அதெல்லாம் பேக்கேஜ்லயே வந்துடும். எக்ஸ்ட்ரா கிடையாது.”

“டைம் கேக்கறேங்க, டைமு.”

“நம்ம டைம்தான் சார். ஆறரை.”

சஹானா ஒரு தாளை எடுத்தாள். அந்தக் கனடா ஊரின் அட்சரேகையை எழுதினாள், தேதியை எழுதினாள், எதையோ கூட்டி எதையோ கழித்தாள். “டிசம்பர்ல நாலேகாலுக்கே சாஞ்சிடும்,” என்றாள். “நேவிகேஷன் பாடத்துல வர்ற கணக்குதான். வழி தெரிஞ்சு ஓட்டறதுக்கு.”

“நாலேகாலா? நம்ம காபி குடிக்கற நேரத்துல ராச்சாப்பாடா! அப்புறம் ராவெல்லாம் பசிச்சா இன்னாடி பண்ணுவ?” என்றாள் அனந்தவல்லி.

“இங்க படிச்சாலும் ராத்திரில ஓட்டக் கத்துக்கணும்மா.”

“ஓட்டிக்கோ. திங்காத.”

நேமிகுமார் தொண்டையைச் செருமினார். திருமணமான நாளிலிருந்து சேர்த்து வைத்த செருமல் அது. “மச்சான், பொழுது எப்ப சாயும்னு தெரியாதவன நம்பி மனைய விக்கறதுக்கு இல்லீங்க. பாப்பா இங்கியே படிக்கட்டும்.”

மாமா பனிமலைப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். பிறகு அதைக் குப்புறக் கவிழ்த்தார்.

“நானும் அதத்தான் சொல்ல வந்தேன். சூரியனுக்கே டைம் போட்டுத் தருது புள்ள! இந்த மூளைய எதுக்குக் கனடாக்காரனுக்குத் தரணும்?”

அங்கிருந்தபடியே விழுப்புரம் பேனர் கடைக்குப் போன் போனது. பத்துக்கு எட்டு. பின்னால் மேகம். ‘கேப்டன் சஹானா’. தாய்மாமன் படம் கொஞ்சம் பெரிதாக. ஜல்தியாக வேண்டும்.

பேனருக்கு அளவு சொல்லி முடிக்கும்போது சஹானாவின் போன் ஒலித்தது. போன மாதம் அவள் வீட்டிலேயே படித்துச் சென்னையில் எழுதிவிட்டு வந்த பைலட் தேர்வு முடிவு. எல்லோரும் சுற்றி நின்று எட்டிப் பார்த்தார்கள்.

வானிலைத் தாளில் தேறியிருந்தாள். விமான விதிகளில் தேறியிருந்தாள்.

நேவிகேஷனில் தோற்றிருந்தாள்.