நாலு மூலை மஞ்சள்

1984ஆம் ஆண்டு ஆவணி மாதம், ஆக்லாந்து மவுண்ட் ஆல்பர்ட்டில் ரதிதேவியின் கராஜுக்குள், ஒரு கலியாண அழைப்புக் காட்டில் பூசின மஞ்சள் ஒட்டாமல் வழுக்கி மேசையில் விழுந்தது. அந்தக் கிழமை டெயரி என்கிற மூலைக்கடையில் பாண் விலை ஏறியிருந்தது, ரெயில் ஒழுங்காய் ஓடவில்லை, மழை விடவேயில்லை; இதுகளோடு மஞ்சளும் ஒன்று. காட், வீரையா வீட்டுக் காட். வீரையா மலேசியாக்காரர், லின்ஃபீல்டில் பல் வைத்தியர், மூத்த மகளுக்குக் கலியாணம் வைத்திருந்தார். ஈப்போவில் இருந்த அவருடைய அண்ணனுக்குப் போகவேண்டிய காட்டில்தான் மஞ்சள் நிற்கமாட்டேன் என்று அடம்பிடித்தது. சேம்பிலையில் விட்ட தண்ணீர் மாதிரி நாலு மூலையிலும் உருண்டு உருண்டு விழுந்தது. மற்றக் காட்டெல்லாம் அதே கிண்ணத்து மஞ்சளைப் பேசாமல் வாங்கிக்கொண்டது. "பேப்பர்ல எண்ணெய் பட்டிருக்கும்மா, வேற காட் எடுத்துப் பூசுங்க" என்றார் வீரையா. வேறு காட் எடுத்து அதே விலாசத்தை எழுதினார்கள், அதே கதைதான். அன்று பின்னேரம் ஈப்போவிலிருந்து போன் வந்தது. அண்ணன் விடியற்காலையில் நித்திரையிலேயே போய்விட்டார். கலியாணத்தைத் தள்ளிவைத்தார்கள்.

ரதிதேவி ஆர் என்று சொல்லவேணும். புருசன் நவரத்தினம், சாம்பியாவில் கணக்குப் படிப்பித்துவிட்டு எழுபதுகளின் கடைசியில் ஆக்லாந்துக்கு வந்த வாத்தியார். உஷா என்று ஒரே மகள். மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒரு பழைய மரவீட்டை மோர்ட்கேஜில் வாங்கி, காரை மழைக்குள் விட்டுவிட்டு, கராஜை மனிசிக்குக் கொடுத்தார். அந்தக் காலத்தில் ஆக்லாந்தில் தமிழ் அச்செழுத்து மருந்துக்கும் இல்லை. ரதிதேவி தமிழைக் கையால் மைப்பேனாவில் எழுதுவா, ஆங்கிலத்தை, தேய்த்தால் தாளில் பதிகிற ஒட்டெழுத்தில் எடுப்பா, நியூமார்க்கெட்டில் ஒரு அச்சுக்காரன் அதைத் தடித்த காட்டில் அடித்துக் கொடுப்பான். சும்மா சொல்லக்கூடாது, அவவின் கையில் ஒரு வடிவு இருந்தது. மாவிலைத் தோரணம் கீறச் சொன்னால் ஆக்லாந்துக் கடற்கரையில் சிவப்பாய்ப் பூக்கிற பொகுட்டுக்காவாப் பூவைக் கீறுவா. ரெயிலில் போகும்போது பழைய வீடுகளின் விறாந்தை மரவேலையை யன்னலால் பார்த்து, ரிக்கெற்றின் பின்பக்கத்தில் கீறிக்கொண்டு வந்து காட்டுக்குக் கரை ஆக்குவா. இதென்ன ஊரில் இல்லாத பூ என்று மூக்கைச் சுளித்த ஆக்களே, காட் கைக்கு வந்ததும் ஆசைக்கு வைத்திருக்க இன்னுமொன்று கேட்பார்கள். மஞ்சள் பூசுவது ஊரில் கலியாண வீட்டார் பாடு. இங்கே புருசனும் வேலை, பெண்சாதியும் வேலை, ஆருக்கு நேரம்? ஆகவே ரதிதேவியே குஜராத்திக் கடை மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொரு காட்டுக்கும் நாலு மூலையும் தொட்டு, விலாசம் எழுதி, முத்திரை ஒட்டுமட்டும் பார்த்துக் கொடுப்பா. அந்தப் பழக்கத்தை அவ தொடங்காமல் விட்டிருந்தால் இவ்வளவும் வந்திராது.

ஒருக்கால் நடந்தால் தற்செயல் என்று விடலாம். அடுத்த வருசம் யாழ்ப்பாணத்துக்குப் போகிற காட்டுகளில் மஞ்சள் அடிக்கடி விழத் தொடங்கியது. அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கடிதம் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. போன் எடுத்தால் இரைச்சல்தான் கேட்கும். மஞ்சளுக்கு இந்த உபத்திரவம் ஒன்றும் இருக்கவில்லை, விலாசத்தை எழுதினதும் ஆள் இருக்கோ இல்லையோ என்று சொல்லிவிடும். சனம் சும்மா இருக்குமோ? மெல்ல மெல்ல விசயத்தைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் கலியாணமே இல்லாத ஆக்கள் வந்து ஒரேயொரு காட் கேட்டார்கள். மணமகன் பெயர் இருக்கவேண்டிய இடமும் மணமகள் பெயர் இருக்கவேண்டிய இடமும் வெறுமையாய்க் கிடக்கும், உறையில் மட்டும் மகனுடைய பெயரோ தம்பியுடைய பெயரோ இருக்கும். ஒட்டினால் அழுதுகொண்டு போவார்கள், விழுந்தாலும் அழுதுகொண்டு போவார்கள். விழுந்த வீட்டார் லின்ஃபீல்டுக்குக் கீழே கடற்கரையில் கூடி, உடலும் இல்லாமல் ஐயரும் இல்லாமல், தேவாரம் தெரிந்த ஒருவரை வைத்து அந்தியேட்டிக் கிரியை செய்தார்கள். இந்தக் காலத்தில்தான் ரதிதேவியின் பேனா வளைய மறுத்தது. பூவை நினைத்துத் தொடுவா, நேர்கோடு வரும். விறாந்தை மரவேலையை நினைத்துத் தொடுவா, அதுவும் நேர்கோடு. கலியாணப் பெட்டையள் காட்டைப் பார்த்துவிட்டு, மரண அறிவித்தல் மாதிரிக் கிடக்கு என்று தாய்மாரிடம் முணுமுணுத்தார்கள். பிழை சொல்ல முடியாது, அப்படித்தான் கிடந்தது.

1986இல் ஹில்ஸ்பரோவிலிருந்து தியாகலிங்கம் வந்தார். ஊரில் தபால் கந்தோரில் இருந்தவர், இங்கே பிஸ்கட் பக்டரியில் வேலை. ஒரே மகன் விநாயகமூர்த்தி யாழ்ப்பாணக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தான், மாரிக்குப் பிறகு அவனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ரதிதேவி பூசினா, விழுந்தது. மனிசன் அந்தக் காட்டை நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கராஜ் கதவைச் சாத்திவிட்டு வந்து குரலைத் தாழ்த்தி, "பிள்ளை, மனிசி காருக்கை இருக்கிறா. உறை ஒட்டுற உந்தப் பசையிலை கொஞ்சம் கலந்து பூசித் தாங்கோ. அவ இதைத் தாங்கமாட்டா" என்றார். ரதிதேவிக்கு முகம் மாறிவிட்டது. "பொய் மஞ்சள் பூச எனக்குக் கை வராது அண்ணை" என்றா. அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் இதை நவரத்தினத்துக்குச் சொல்லும்போது அவவின் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லவேணும். அதற்கு முன்னம், தியாகலிங்கம் கராஜில் நிற்கும்போதே, அவருடைய மனிசி வசந்தமலர் காரிலிருந்து இறங்கி உள்ளே வந்து, மேசையில் சிந்திக் கிடந்த மஞ்சளைப் பார்த்தா. திரும்பிப் போய்க் காரில் ஏறினா. அதற்குப் பிறகு அந்த மனிசி ஒருத்தரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டா, பிறகு கொடுத்தாலும் சாப்பிடவில்லை, அடுத்த குளிருக்குள் வைக்குமேட்டே மயானத்தில் எரித்தார்கள். ரதிதேவி செத்தவீட்டுக்குப் போய்ப் பெட்டிக்குள் முகத்தைப் பார்த்தா. தியாகலிங்கம், வாங்கோ பிள்ளை, இருங்கோ என்று மரியாதையாய்க் கதிரை எடுத்துப் போட்டார். அந்த மனிசன் நாலு பேச்சு ஏசியிருந்தால் ரதிதேவிக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

இவ்வளவு பேருக்கும் பூசிப் பார்த்தவ, சொந்தத் தம்பிக்குப் பூசிப் பார்க்கவில்லை. ஆனந்தராசாவை 1985இல் பஸ்ஸால் இறக்கிக் கொண்டுபோனார்கள். கொண்டுபோனது ஆர், எங்கே, ஒன்றும் தெரியாது. அவனுடைய மனிசி சரோஜாதேவியை நவரத்தினம் ஓடித் திரிந்து விசா எடுத்து ஆக்லாந்துக்குக் கூப்பிட்டுவிட்டார். அவ பின்னறையில் இருந்தா, லோண்டரி ஒன்றில் வேலைக்குப் போனா, ஒவ்வொரு நாளும் காலமை குளித்து, தாலிக்கொடியைக் கண்ணில் ஒற்றி, இங்கிலிஸ்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பெரிய குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டு பஸ் ஏறினா. ஒரு காட் எடுத்து எழுதினால் போதும், தெரிந்துவிடும். ரதிதேவிக்குத் தெரியும், சரோஜாதேவிக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒன்றாய்ச் சமைத்து, ஒன்றாய்ச் சாப்பிட்டு, அதைப்பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. நவரத்தினம் ஒருக்கால் மெல்லக் கேட்டுப் பார்த்தார். "எங்கட வீட்டிலை இப்ப கலியாணமே, காட் எழுத?" என்று ரதிதேவி சீறி விழுந்தா. மனிசன் பிறகு கேட்கவில்லை.

1988இல் வீட்டிலேயே கலியாணம் வந்தது. உஷாவுக்குச் சிங்கப்பூர்ப் பெடியன் ஒருவன் பொருந்தி வந்தான். ரதிதேவி குடும்பத்து வழக்கம், முதல் காட்டைப் பிள்ளையாருக்கு வைத்தால் அடுத்தது பெண்ணின் தாய்மாமனுக்கு. தாய்மாமனுக்குக் கொடுக்காமல் ஊரில் ஒரு காட்டும் வாசல்படி தாண்டாது. உஷா இங்கேயே படித்து வளர்ந்த பிள்ளை, "மம், ஜஸ்ட் ஸ்கிப் இட்" என்று சொல்லிப் பார்த்தாள். சரோஜாதேவிதான் முதல்தரம் வாய் திறந்தா. "மச்சாள், அவருக்கு எழுதாமல் இவளின்ரை கலியாணம் நடக்கக்கூடாது. நான் தலை முழுகிப்போட்டு வாறன். எனக்கு முன்னாலை பூசுங்கோ."

சனிக்கிழமை காலமை. குளியலறைக் குழாய் திறந்த சத்தம் கேட்டதும் ரதிதேவி கராஜுக்குப் போய், தம்பியின் பெயரையும் அளவெட்டி வீட்டு விலாசத்தையும் எழுதி, மஞ்சளைத் தொட்டு முதல் மூலையில் வைத்தா. விழுந்தது. இரண்டாவது மூலை, விழுந்தது. பேப்பரில் எண்ணெய் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேறு காட் எடுத்து எழுதினா, அதிலும் விழுந்தது. அவன் இல்லை. எத்தனையோ தாய்மாருக்கு முன்னால் சாதாரணமாய்ப் பார்த்துக்கொண்டு நின்ற அதே விழுகை, இப்போது அவவின் நெஞ்சைக் கிழித்தது. ஐயோ என்று கத்த வாயெடுத்தா. அந்த நேரம் குழாய்ச் சத்தம் நின்றது. கத்தவில்லை. கீழே கிடந்த மஞ்சளை வழித்துக் கிண்ணத்தில் போட்டு, பசைப் போத்தலைத் திறந்து ஊற்றி விரலால் குழைத்தா. கை வந்தது. சரோஜாதேவி ஈரத் தலையோடு வாசலில் வந்து நின்றா. அவவுக்கு முன்னால் புதுக் காட் ஒன்றின் நாலு மூலையிலும் ரதிதேவி மஞ்சள் வைத்தா, நாலும் நின்றது. "இருக்கிறார்!" என்று சரோஜாதேவி போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். மச்சாளைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் கொஞ்சினா, ஓடிப்போய்ப் பாயாசம் வைத்தா, நவரத்தினம் விம்மி விம்மி அழுதார். ரதிதேவிக்குத் தம்பியை அழ வழியில்லை, அவனுக்கு அந்தியேட்டி செய்ய வழியில்லை, பாயாசத்தை இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தா.

கலியாணம் ஹில்ஸ்பரோவில் ஒரு சேர்ச் ஹோலில் நடந்தது. ஓமப் புகைக்கு அலாரம் அடிக்கும் என்று காவல்காரர் பயந்ததால் நெருப்பைக் கதவடியில் வளர்த்தார்கள். தாய்மாமன் நிற்கவேண்டிய இடத்தில் சரோஜாதேவி ஒரு புது வேட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு நின்றா. வந்த சனத்துக்கெல்லாம் செய்தி தெரிந்திருந்தது, எல்லாரும் ரதிதேவியின் கையைப் பிடித்துச் சந்தோசம் சொன்னார்கள். ஓம், ஓம் என்று அவ தலையாட்டினா. அந்தக் கிழமைக்குப் பிறகு அவ பூசிய ஒரு காட்டிலும் மஞ்சள் விழவில்லை. பசை கலக்கவில்லை, அதே குஜராத்திக் கடை மஞ்சள், அதே கிண்ணம். ஊரில் நிலைமை தெளிந்துவிட்டது என்று சனம் நம்பியது, காலமை வானொலி வேறு கதை சொன்னாலும் நம்பியது. சந்தேகம் பிடித்து ரதிதேவி ஒருநாள் காட் ஒன்றில் வசந்தமலரின் பெயரை எழுதி, ஹில்ஸ்பரோ விலாசத்தையும் போட்டு மஞ்சள் வைத்துப் பார்த்தா. பெட்டிக்குள் கண்ட முகம். நாலு மூலையிலும் ஒட்டியது. தான் ஒருக்கால் பொய் சொன்னதும் மஞ்சள் உண்மை சொல்வதை விட்டுவிட்டது என்று அவவுக்கு விளங்கியது. பேனாவும் அதே கிழமையில் இளகி, பூவும் கொடியுமாய்க் கொட்டத் தொடங்கியது. அவ வாழ்நாளில் கீறின காட்டுகளில் வடிவானதெல்லாம் அந்த வருசத்துக் காட்டுகள்தான் என்று இன்றைக்கும் சொல்லுவார்கள். கீறும்போது அவவுக்கு ஒரு சந்தோசமும் இருக்கவில்லை.

அடுத்த வருசம் தியாகலிங்கம் வந்தார். ஆனந்தராசாவுக்கு ஒட்டியதைக் கேள்விப்பட்டு, மாதக்கணக்காய் யோசித்து வந்தாராம். மகனுக்கு இன்னுமொருக்கால் பூசிப் பாருங்கோ என்றார். மழை கராஜ் தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. ரதிதேவி மாட்டேன் என்று சொல்ல நினைத்தா, முடியவில்லை. பூசினா, ஒட்டியது. தியாகலிங்கம் காட்டைத் தூக்கிச் சரித்துப் பார்த்தார், விரலால் தட்டிப் பார்த்தார், கடைசியில் அவவின் முகத்தைப் பார்த்தார்.

"ஆனந்தராசாவுக்கும் இப்பிடித்தான் ஒட்டினதோ, பிள்ளை?"

"இல்லை அண்ணை" என்றா ரதிதேவி. ஒருத்தருக்கும் சொல்லாததை அந்த மனிசனுக்குத்தான் சொன்னா. "அது பசை."

ரதிதேவி ஏச்சுக்குக் காத்துக்கொண்டு நின்றா.

"அண்டைக்கு வசந்தமலருக்கும் ஒரு சொட்டுக் கலந்திருக்கலாமே, பிள்ளை" என்றார். குரலில் கோபம் இல்லை.

சொல்லிவிட்டுக் காட்டை உறைக்குள் வைத்து, விநாயகமூர்த்தியின் கம்பஸ் விலாசம் சரியோ என்று பார்த்து, நாக்கால் நனைத்து முத்திரையை ஒட்டினார். உறையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு தபால்பெட்டிப் பக்கம் நடந்தார். வாசலில் இன்னும் ஆக்கள் குடையோடு நின்றார்கள், ரதிதேவி அவர்களை உள்ளே கூப்பிட்டா.